பங்காளர் வெற்றிப் பிரிவு

ஈரமான பொருளைக் காயவைக்க எங்கள் தோட்டத்தில் யாரும் வெயிலுக்காகக் காத்திருப்பதில்லை. ஜூன் மாதத்தில் ஹட்டனில் வெயிலை நம்புகிறவன் செப்டெம்பர் வரை ஈரச்சட்டையோடு இருக்க வேண்டியதுதான். தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடிக்குக் கொண்டுபோய், கொழுந்து வாட்டுகிற நீளத் தட்டில் ஒரு மூலையில் வைத்துவிட்டால் போதும். கீழேயிருந்து இளஞ்சூடாகக் காற்று வரும். பள்ளிக்கூடப் புத்தகம், மாதாகோயிலில் புதுநன்மை வாங்கத் தைத்த வெள்ளைக் கவுண், என் மாமாவின் ரேடியோ எல்லாம் அங்கே காய்ந்து சுகமாகத் திரும்பியிருக்கின்றன. ஆகவே, உலகத்தில் இன்னும் விற்பனைக்கே வராத ஒரு வீடியோ கேம் பெட்டிக்குச் சளி பிடித்தபோது, நானும் அதை உரச்சாக்கில் சுற்றி அங்கேதான் கொண்டுபோனேன்.

மாடியில் கொழுந்து பரப்புகிற பழனியாண்டி என்னோடு படித்தவன். சாக்கைப் பிரித்துப் பார்த்தான்.

"என்னடா இது, சோறு வடிக்கிற மெஷினா?"

"கேம் விளையாடுற பெட்டி. புதுசு. உள்ளுக்குத் தண்ணி கோத்துக்கிச்சு."

"கொழுந்து வாசம் பிடிக்குமேடா."

"பிடிச்சா பிடிக்கட்டும். நல்ல வாசந்தானே."

மறுநாள் எடுத்துக்கொண்டு போய், நாங்கள் வேலை செய்கிற கடை மாடியில் வைத்து இயக்கினேன். பெட்டி இருமவில்லை. காற்றாடி பட்டுப்போலச் சுற்றியது. அறை முழுக்க முதல்தரத் தேயிலை மணம். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது திரை முழுவதும் சிவப்பாகி, இப்படி ஒரு வாசகம் வந்தது: 'இக்கருவி பதிவு செய்யப்பட்ட இடத்தைவிட்டு விலகியது. அனைவரின் பாதுகாப்புக்காகவும் பூட்டப்பட்டுள்ளது. தயவுசெய்து உங்கள் பங்காளர் வெற்றிப் பிரிவுடன் உரையாடி மகிழுங்கள்.'

அஸீலா என்னைப் பார்த்தாள்.

"எங்கண்ணே கொண்டுபோனீங்க?"

"காயவைக்க."

"எங்க?"

"பெக்டரிக்கு."

"அதுக்குள்ள இடம் காட்டுற சிப் இருக்கு. இந்த ரூமை விட்டு அசைக்க மாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"நான் எந்தக் கையெழுத்தை வாசிச்சுப் பாத்துட்டுப் போட்டிருக்கேன்?"

அவள் தலையை மேசைமேல் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அஸீலா, ஹட்டன் பிரதான வீதியில் இரும்புக்கடை வைத்திருக்கும் சரிபுதீன் நானாவின் மகள். கடைக்கு மேலுள்ள அறைதான் எங்கள் கம்பனி. கம்பனி என்றால் அவளும் நானும். கணினிக்குப் புரிகிற மொழியில் அவள் எழுதுவாள். நான் படம் வரைவேன். அதற்கு முன்பு நான் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினேன். ஹட்டனில் எழுத்துப் பிழையோடு தொங்குகிற பலகைகளைப் பார்த்தால் என்னை நினைத்துக்கொள்ளலாம்.

எங்கள் விளையாட்டின் பெயர் 'கொழுந்து'. மலையில் மூடுபனி இறங்குவதற்குள் கூடையை நிரப்பி நிறுவைக்குக் கொண்டுவர வேண்டும். வழியில் அட்டை, குளவி, சிறுத்தை. எல்லாவற்றையும் தப்பி வந்தால் தராசடியில் கணக்கப்பிள்ளை நின்றுகொண்டு தண்ணீருக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று எடையில் கழிப்பார். சிறுத்தையிடமிருந்து தப்ப வழி வைத்திருக்கிறோம். கணக்கப்பிள்ளையிடமிருந்து தப்ப வழி வைக்கவில்லை. அதை அஸீலா இரண்டு வருஷமாக எழுதினாள். விளையாடிப் பார்த்த பழனியாண்டியின் அக்கா தராசைக் கண்டதும் திரையைப் பார்த்தே கெட்ட வார்த்தை சொன்னார். அன்றைக்குத்தான் இது தேறும் என்று எங்களுக்குத் தெரிந்தது.

ஸெப்ரோனா என்ற வெளிநாட்டுக் கம்பனி புதிதாக ஒரு கேம் பெட்டி கொண்டுவரப்போகிறது. பெட்டியை அவர்கள் செய்வார்கள். உள்ளே போடுகிற விளையாட்டுகளில் முக்கால்வாசியை எங்களைப் போன்ற வெளியாட்கள் செய்ய வேண்டும். எங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மூன்றாந்தரப்பு. மூன்றாந்தரப்பை ஆதரிப்பதே தங்கள் உயிர்மூச்சு என்று அவர்கள் சொன்னதை நம்பி விண்ணப்பித்தோம். ஒரு பெட்டியும் ஒப்பந்தமும் வந்தன. பெட்டி கடைக்கு வருகிற நாள்வரை விளையாட்டை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். அந்த நாள் எப்போது என்பது இரகசியம். வெளியீட்டில் எங்கள் விளையாட்டும் இருக்குமா என்பது அதைவிடப் பெரிய இரகசியம்.

இதற்கிடையில் சென்னையில் ஒரு கம்பனி, ஃபோனில் விளையாடுகிற மாதிரி 'கொழுந்தை' வாங்கிக்கொள்ளக் கேட்டது. ஜூலை முடிவதற்குள் பதில் வேண்டும் என்றது. ஸெப்ரோனா ஆம் என்றால் சென்னைக்கு மன்னிப்பு. இல்லை என்றால் சென்னைக்குச் சம்மதம். இரண்டும் இல்லாமல் ஜூலை போய்விட்டால், அஸீலா கொழும்பில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவுக்குப் போக வேண்டும். வேலைக்கடிதம் அவளுடைய பையிலேயே இருந்தது. எங்களுக்கு வேண்டியது ஒரேயொரு சொல். அது எந்தச் சொல்லாக இருந்தாலும் பரவாயில்லை.

பங்காளர் வெற்றிப் பிரிவுக்கு எழுதினோம். பூட்டைத் திறக்க வேண்டும், விளையாட்டு வருமா வராதா என்று சொல்ல வேண்டும் என்று இரண்டே வரி. மாயா என்ற அம்மையார் பதில் போட்டார். ஆங்கிலத்தில் இருந்ததை அஸீலா தமிழில் சொன்னாள். அதற்குப் பிறகும் புரியவில்லை.

'அன்புப் பங்காளரே! உங்கள் பயணத்தில் உங்களோடு கைகோத்து நடப்பதில் பூரிக்கிறோம். உங்கள் கேள்வி எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது. இத்தகைய கேள்விகளே எங்கள் சமூகத்தை உயிர்ப்போடு வைத்திருக்கின்றன. இதனுடன் உங்கள் கேள்வி தீர்க்கப்பட்டதாகக் குறித்துக்கொள்கிறோம்.'

மேலே வந்த சரிபுதீன் நானா, "என்னவாம் செல்றாங்க?" என்றார்.

"பூரிக்கிறாங்களாம் வாப்பா."

"எதுக்குப் பூரிக்கோணும்? பொட்டி பூட்டிக்கெடக்கு. கடையில ஆணி கேக்க வர்ற ஆளுக்கிட்ட ஈக்கிது, இல்லண்டு செல்றன். பூரிச்சிட்டு நிண்டா ஆள் பக்கத்துக் கடைக்குப் பெயித்திருவான்."

மறுபடி எழுதினோம். இந்த முறை மாயா எங்களைப் பாதுகாப்புப் பிரிவின் கெவினிடம் ஒப்படைத்தார். கெவின் பூரிக்கிற ஆள் இல்லை. பெட்டி போய்வந்த இடத்தின் முகவரியைக் கேட்டார். வீட்டு இலக்கம், வீதியின் பெயர், அஞ்சல் குறியீடு. எங்கள் ஆட்கள் இந்த மலைக்கு வந்து இருநூறு வருஷமாக யாரும் எங்களிடம் கேட்காத முகவரியை முதன்முதலில் அக்கறையாகக் கேட்டது ஒரு விளையாட்டுப் பெட்டிதான். நான் கொஞ்சம் உருகிவிட்டேன்.

தொழிற்சாலைக்கு இலக்கம் கிடையாது. வீதியும் கிடையாது, மேலே போகிற ரோட்டு, கீழே வருகிற ரோட்டு என்று இரண்டு உண்டு, இரண்டும் ஒன்றுதான். எங்கள் லயத்து வீடுகளுக்கு வருகிற கடிதங்களே தோட்டத்து ஒஃபீஸுக்குப் போய், அங்கே யாருக்காவது ஞாபகம் வரும்போது எங்களுக்கு வரும். வெற்று இடத்தை அனுப்பினால் கணினி ஏற்கவில்லை. கடைசியில் அஸீலா, 'இல. 1, தொழிற்சாலை வீதி' என்று போட்டாள்.

கெவின் வரைபடத்தில் தேடிப்பார்த்துவிட்டு, அப்படியொரு வீதி இல்லை, பொய்த் தகவல் தருவது பங்காளர் விழுமியங்களுக்கு முரண் என்றார். உண்மையைச் சொன்னோம்: அங்கே வீதியே இல்லை. அதற்கு வந்த பதிலை நான் ஒரு கலைப்பொருளைப்போலத் திரும்பத்திரும்ப வாசித்தேன்.

'வீதி இல்லாத இடம் எங்கள் முறைமையில் இடமாகக் கொள்ளப்படாது. எனவே உங்கள் கருவி எங்கும் போகவில்லை. எங்கும் போகாத கருவி பூட்டப்பட்டிருந்தால் அது தவறான பூட்டு. தவறான பூட்டுகளைத் திறப்பது வேறொரு பிரிவு. அப்பிரிவு, இடம் விலகிய கருவிகளை மட்டுமே ஏற்கும்.'

"இவன் நல்லா வருவான்," என்றான் பழனியாண்டி, அன்று மாலை நான் போய் ஒப்பித்தபோது. "எங்க ஒஃபீஸுல ஒரு வேலை போட்டுக் குடுக்கலாம்."

வேறு வழியில்லாமல் நான் திரும்பவும் எழுதினேன். பெட்டி போனது உண்மை, இடம் இருப்பதும் உண்மை, வேண்டுமென்றால் வந்து பாருங்கள், பஸ் ஸ்டாண்டில் இறங்கி லியனார்ட் என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாரும் காட்டுவார்கள் என்று. அதற்குக் கெவின், முதலில் எங்கள் அறை பாதுகாப்பானதா என்று படம் எடுத்து அனுப்பச் சொன்னார். ஜன்னல்கள் கறுப்பாக இருக்க வேண்டும். வெளியார் கண்ணில் பெட்டி படக்கூடாது. சரிபுதீன் நானா கடையிலிருந்து கறுப்புத் தார்ப்பாயைக் கொண்டுவந்து, கூலி வாங்காமல் தாமே ஏணியில் ஏறி அடித்தார். பகலிலும் டோர்ச் அடித்து நடக்க வேண்டியதாயிற்று. படம் அனுப்பினோம். நிராகரித்துவிட்டார்கள். பின்சுவரில் போட்டிக் கம்பனி ஒன்றின் சின்னம் தெரிகிறதாம்.

நானா ஃபோனைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் பார்த்தார்.

"இது பைப் கம்பனிக் கலண்டரல்லவா? தண்ணிப் பைப்புல எப்பிடிடா கேம் விளையாடுற?"

"அதை அவங்ககிட்ட சொல்ல முடியாது நானா. அதுக்கு வேற பிரிவு."

கலண்டரைக் கழற்றினோம். அறை பாதுகாப்பானது என்று அங்கீகாரம் வந்தது. பூட்டப்பட்ட ஒரு பெட்டியை இனி யாராலும் எட்டிப்பார்க்க முடியாது.

ஜூலை முதல் வாரம், 'மூன்றாந்தரப்பு உருவாக்குநர் அரவணைப்பு மாநாடு' என்று இணையத்தில் கூட்டினார்கள். எங்கள் பிராந்தியத்தின் தலைவர் துஷாந்த் பேசுவார், கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் தருவார் என்று அழைப்பிதழ் சொன்னது. நேரடியாக என்ற சொல்லை நம்பி அஸீலா நல்ல துப்பட்டா போட்டுக்கொண்டு வந்தாள். நான் சவரம் செய்தேன். கமராவில் எங்கள் முகம் வராது என்பது பிறகுதான் தெரிந்தது.

துஷாந்த் கொழும்புத் தமிழர். கழுத்துவரை கறுப்புச் சட்டை. மேடையில் ஒரு சுவரளவு திரைக்கு முன்னால் நடந்துகொண்டே பேசினார். மூன்று மொழியிலும் பேசினார். தமிழில் பேசியதை மட்டும் தருகிறேன்.

"நண்பர்களே! பலர் எங்களிடம் கேட்கிறார்கள், ஸெப்ரோனா சிறிய உருவாக்குநர்களுக்கு என்ன செய்கிறது என்று. அது பழைய கேள்வி. புதிய கேள்வி, சிறிய உருவாக்குநர்கள் ஸெப்ரோனாவுக்கு என்ன செய்கிறார்கள்? பாருங்கள் இந்தத் திரையை!"

திரை முழுக்கச் சின்னச்சின்னக் கம்பனிகளின் சின்னங்கள், ஆட்டுமந்தை மாதிரி. நடுவில், ஒரு தேயிலை இலைமேல் அட்டை ஒன்று நெளிகிறது. நான் வரைந்தது.

"அண்ணே, நம்மளது!" என்றாள் அஸீலா. நானா கீழேயிருந்து ஓடிவந்து, திரையில் அட்டையைத் தொட்டுப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் எங்கள் மூவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைத்து என்ன பயன்.

துஷாந்த் தொடர்ந்தார். "இவ்வளவு பேரும் எங்களை ஆதரிக்கிறார்கள். இதைப் பார்க்கும் ஒரு வாடிக்கையாளர், இந்தப் பெட்டிக்கு எவ்வளவு விளையாட்டு வரப்போகிறது என்று மலைப்பார். அந்த மலைப்புத்தான் எங்கள் தயாரிப்பு. விளையாட்டு வருவது, வராமல் போவது எல்லாம் அதற்குப் பிறகு நடக்கிற சின்ன விஷயங்கள். ஆதரவு என்பது ஒரு உணர்வு. உணர்வுக்குத் திகதி குறிக்க முடியாது."

கைதட்டல் ஒலி வந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அவரவர் வீட்டில் இருந்ததால், அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

கேள்வி நேரம். நான் டைப் அடித்தேன்: 'கொழுந்து என்ற எங்கள் விளையாட்டு வெளியீட்டில் இருக்கிறதா? ஆம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும்.'

துஷாந்த் வாசித்தார். புன்னகைத்தார். "ஹட்டனிலிருந்து லியனார்ட். அருமையான கேள்வி. இந்த உற்சாகத்தைத்தான் நான் நேசிக்கிறேன். ஆம் அல்லது இல்லை என்று நம்மை நாமே சுருக்கிக்கொள்ள வேண்டுமா? அடுத்த கேள்வி."

அடுத்த வாரம் எங்கள் விளையாட்டைப் பற்றிய நிபுணர் மதிப்பீடு வந்தது. அஸீலா அதை நின்றுகொண்டே வாசித்தாள். கதைசொல்லல் நன்று. ஒலி நன்று. கடலடிக் காட்சிகள் மூச்சடைக்க வைக்கின்றன. சுறாவின் அசைவு மட்டும் இன்னும் சற்று இயல்பாக இருக்கலாம்.

"அண்ணே, நம்ம கேமில சுறா எங்க இருக்கு?"

"கணக்கப்பிள்ளையைச் சொல்றாங்களோ?"

அவள் சிரிக்கவில்லை. நான் வேடிக்கையாகப் பேசுகிறவன். பேசினால் சிரிக்கிற ஆள் அவள். அன்று அவள் தன் பையைத் திறந்து, வங்கிக் கடிதத்தை எடுத்து, மடிப்பை நீவிவிட்டு, மறுபடி உள்ளே வைத்தாள். அதைப் பார்க்காத மாதிரி நான் தூரிகையைக் கழுவினேன். கழுவிய தூரிகையையே திரும்பக் கழுவினேன்.

ஆத்திரத்தில் அன்றிரவும் மறுநாளும் புகார்களாக எழுதித் தள்ளினேன். மாயாவுக்கு, கெவினுக்கு, பெயர் தெரியாத எல்லாப் பிரிவுக்கும். விளைவு உடனே தெரிந்தது. எங்களை வெண்கலத் தரத்திலிருந்து வெள்ளித் தரப் பங்காளராக உயர்த்திவிட்டார்கள். பிரிவோடு அதிகம் உரையாடுகிற பங்காளருக்குத்தான் அந்தத் தரமாம். புகார் எவ்வளவோ, உறவு அவ்வளவு. ஒரு சான்றிதழும், ஸெப்ரோனா என்று எழுதிய டீசேர்ட் இரண்டும் வந்தன. இரண்டுமே யானைக்கு அளவெடுத்தது. ஒன்றைப் பழனியாண்டி வாங்கிக்கொண்டு போய் மழைக்காகச் சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டான். பூட்டு அப்படியே இருந்தது.

வெள்ளித் தரத்துக்கு இன்னொரு பெருமை உண்டு என்று மாயா எழுதினார். எங்களைப் பற்றி ஒரு படம் பிடிக்கப்போகிறார்கள். தலைப்பு, 'மலையிலிருந்து உலகுக்கு'. துஷாந்த் அவர்களே நேரில் வருகிறார்.

ஜூலையின் கடைசி வாரம் அது. சென்னைக்காரர்கள் வெள்ளிக்கிழமை வரைதான் என்று சொல்லியிருந்தார்கள். நேரில் வருகிற மனிதனிடம் நேரில் கேட்டுவிடலாம் என்று அஸீலா சொன்னாள். வருகிறவருக்குச் சாப்பிட நானா பேட்டிஸும் ரோல்ஸும் வரவழைத்து வைத்தார்.

வேன் வந்து நின்றது. துஷாந்த் இறங்கியபோது முகம் வெளிறியிருந்தது. கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் வளைவுகள் அப்படித்தான். ஆனாலும் கமராவைப் பார்த்ததும் சிரிப்பு தானாக வந்துவிட்டது. பேட்டிஸைத் தொடவில்லை. அறையையும் சுற்றிப் பார்க்கவில்லை. தார்ப்பாய் அடித்த ஜன்னலைப் பார்த்து, "இது ஏன் இப்படி இருட்டா இருக்கு?" என்று கேட்டார்.

"நீங்கதானே சேர் கறுப்பாக்கச் சொன்னீங்க."

"நல்லது. ஆனா படத்துக்கு ஆகாது. தேயிலைக்குள்ள எடுப்போம்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேயிலை மலைக்குப் போனோம். அதை அறையைவிட்டு அசைத்ததற்காகத்தான் ஒரு மாதமாகப் பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னேன். விளம்பரப் பிரிவின் தேவைக்கு அசைப்பது அசைப்பதாகாது என்றார். பெட்டியை ஒரு தேயிலைச் செடிமேல் வைத்து, கொண்டுவந்த சின்னத் திரையோடும் பெட்டரியோடும் இணைத்தார்கள். திரை சிவப்பாக எரிந்தது. அதைப் பிறகு கணினியில் மாற்றிவிடலாம் என்றார் கமராக்காரர். பிறகு துஷாந்த் எங்கிருந்தோ ஒரு கூடையை வரவழைத்து அஸீலாவிடம் நீட்டினார்.

"தலையில மாட்டிக்கங்க மிஸ். கொழுந்து எடுத்துக்கிட்டே, கம்ப்யூட்டர் கோட் எழுதக் கனவு காணுறீங்க. அதுதான் காட்சி."

"நான் கொழுந்து எடுத்ததில்ல சேர். எங்க வாப்பா இரும்புக்கடை. நான் மொரட்டுவ யூனிவர்சிட்டியில படிச்சேன்."

"அது உங்க உண்மை மிஸ். எங்களுக்கு வேண்டியது உங்க கதை."

அஸீலா கூடையை வாங்கிக் கீழே வைத்தாள். பக்கத்து நிரையில் நிஜமாகவே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த சண்முகவடிவு அக்கா, கையை நிறுத்தாமலே சொன்னார்: "ஏம்மா, கனவு காணுறதுக்கு இந்த வெரட்டு வெரட்டுறாங்களே, சம்பளம் உண்டான்னு கேட்டுக்க."

கடைசியில் கூடையை நான்தான் மாட்டிக்கொண்டேன். பயந்து ஒன்றும் இல்லை. படம் முடிந்தால்தான் அவர் பேசுவார் என்று நினைத்தேன். மீசையோடு ஒருவன் கூடை மாட்டிக்கொண்டு செடிமேலிருக்கிற பெட்டியைக் காதலோடு பார்க்கிற காட்சி எடுக்கப்பட்டது. திரும்பத்திரும்ப எடுக்கப்பட்டது. அக்காமார் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இனி அந்த மலையில் எனக்கு மரியாதை கிடையாது.

படம் முடிந்ததும் கேட்டேன். "சேர், எங்க கேம் வருமா வராதா?"

துஷாந்த் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இதைப் பத்தி அவசியம் பேசணும் லியனார்ட். ஒரு தனி அமர்வு வைப்போம். மாயா ஒழுங்கு பண்ணுவாங்க." வேனில் ஏறினார்.

அஸீலா கூடையை எடுத்துச் சண்முகவடிவு அக்காவிடம் கொடுக்கப் போனாள். அவள் நடந்துபோன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கொழும்புக்குப் போகிறவள் நடக்கிற மாதிரி இருந்தது. வேன் நகர்வதற்குள் கதவைத் திறந்து நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"எங்க போறீங்க?" என்றார் துஷாந்த்.

"போற வழியில, கினிகத்தேனைக்கு. ஒரு வேலை இருக்கு சேர்." என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

முதல் சில வளைவுகளுக்கு அவர் பேசினார். எங்கள் படம் கோடிக்கணக்கானோரைத் தொடும் என்றார். பிறகு பேச்சு குறைந்தது. பிறகு ஜன்னலைத் திறந்தார். டிரைவர் சிங்களப் பாட்டொன்றைப் போட்டுக்கொண்டு, தாளத்துக்கு வளைவுகளை வெட்டினார். வட்டவளை தாண்டும்போது துஷாந்தின் நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது. கமராக்காரர் அனுபவசாலி, கருவிப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

கினிகத்தேனைக் கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் "நிப்பாட்டுங்க!" என்றார். வேன் நிற்குமுன்பே குதித்து, மதகுச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

நான் போய் நெற்றியைத் தாங்கிப் பிடித்து, முதுகை நீவிவிட்டேன். வீட்டில் பிள்ளைகளுக்குச் செய்வதுதான். அந்த மனிதனை ஒரு மாதமாக மனதுக்குள் எத்தனை விதமாகத் திட்டியிருக்கிறேன். ஆனால் உங்கள் கையில் நெற்றியைக் கொடுத்துவிட்டு வாந்தி எடுக்கிறவனை வெறுப்பது கஷ்டம். முயன்று பார்த்தேன், முடியவில்லை.

எதிரில் தேத்தண்ணிக் கடை. உட்காரவைத்து, இஞ்சி தட்டிப்போட்டுப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார். கறுப்புச் சட்டையில் சேறு. தலைமுடி குத்திட்டு நின்றது. பார்த்தால், புகார் எழுதிப் புகார் எழுதிக் களைத்துப்போன பங்காளர் மாதிரியே இருந்தார்.

"சேர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"எங்க கேம் வருமா, வராதா?"

அவர் நிமிர்ந்தார். முகத்தில் மேடைச் சிரிப்பு வர ஆரம்பித்தது. "லியனார்ட், உங்களோட இந்தப் பயணத்தில..."

பயணம் என்ற சொல் அவருடைய வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டு மறுபடியும் சுவருக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். திரும்பி வந்து பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே எதுவும் மிஞ்சியிருக்க நியாயமில்லை.

"வராது," என்றார்.

"என்ன சேர்?"

"வராது லியனார்ட். வெளியீட்டுக்கு ஏழெட்டுக் கேம்தான். எல்லாம் பெரிய கம்பனிங்களோடது, எப்பவோ முடிவாச்சு. மத்தவங்க எல்லாம் திரையில காட்டுறதுக்கு. உங்க கேமை யாரும் தொறந்துகூடப் பாக்கல. நானும் பாக்கல."

கடைக்காரர் அடுத்த கோப்பைக்குச் சீனி கலக்குகிற சத்தம் கேட்டது. எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வந்தது என்னவோ, நீண்ட நாள் பசிக்குப் பிறகு சோறு கண்ட மாதிரி ஒரு சுகம்.

"அப்ப மாயா அம்மா?"

"நான்தான்."

"கெவின்?"

"அதுவும் நான்தான். போன வருஷம் ஆளுங்களை வேலையை விட்டு நிப்பாட்டிட்டாங்க. பேரை மட்டும் விட்டு வச்சிருக்காங்க. காலையில மாயா, பின்னேரம் கெவின். மதிப்பீடெல்லாம் மெஷின் எழுதுது, நான் அனுப்புறேன்." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நீங்க எழுதுறதெல்லாம் நான்தான் வாசிக்கிறேன். பஸ் ஸ்டாண்டுல இறங்கி லியனார்ட்னு கேளுங்கன்னு எழுதினீங்களே. அன்னைக்கு நெசமாவே வந்துடலாமான்னு இருந்துச்சு."

நான் ஃபோனை எடுத்து அஸீலாவுக்கு அடித்தேன். எடுத்ததும், "எங்கண்ணே போய்ட்டீங்க?" என்றாள். 

"கினிகத்தேனையில இருக்கேன். வராதாம். சேர் பக்கத்துல இருக்காரு, நீயே கேளு."

சத்தத்தைக் கூட்டி ஃபோனை மேசைமேல் வைத்தேன்.  அங்கே அவள் அறைக்குக் கீழே, நானாவின் கடையில் யாரோ கூரைத்தகடு இறக்குகிற சத்தம் வந்தது. பிறகு அஸீலா பேசினாள், ஒவ்வொரு சொல்லாக.

"சேர், எங்க கேமைச் சென்னைக் கம்பனி ஒண்ணுக்குக் குடுத்தா, ஸெப்ரோனா எங்க மேல கேஸ் போடுமா?"

துஷாந்த் கோப்பையை மேசையில் வைத்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். ஃபோனை நோக்கிக் குனிந்தார்.

"போடாது மிஸ். யாராவது வெளியில குடுத்திருக்காங்களான்னு பாக்குற ஆளும் நான்தான். நான் பாக்க மாட்டேன். இன்னைக்கே குடுங்க."